கேள்வியை யார் எழுதுவது?

கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரப்போகிறது என்றால் கல்லூரியில் சுவருக்கு வெள்ளையடிப்போம், மாணவர்களிடம் கருத்தும் கேட்போம். 2017-இல் திருத்தப்பட்ட நாக் மதிப்பீட்டு முறையில் மாணவர் திருப்திக் கணக்கெடுப்பும் இடம்பெற்றது. கல்லூரிக்குள்ளேயே தரத்தைக் கவனிக்கும் அகத் தர உறுதிக் குழுவில் மாணவருக்கு ஓர் இடம் உண்டு. குறைதீர்ப்புக் குழுவில் மாணவர் ஒருவரைச் சிறப்பு அழைப்பாளராகச் சேர்க்கச் சொல்கிறது பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2023 விதிமுறை. படிப்பிலோ விளையாட்டிலோ பாட இணைச் செயல்பாடுகளிலோ சிறந்து விளங்குபவராகப் பார்த்து நியமிக்க வேண்டுமாம். குறை உள்ளவர்கள் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் வருவதில்லை.

திருவாரூர் மாவட்டத்து அரசுக் கல்லூரி ஒன்றில் தர உறுதிக் குழு வேலையைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். கூட்டத்துக்கு வரும் மாணவர் கையெழுத்துப் போடுவார், டீ குடிப்பார், "எல்லாம் நன்றாக இருக்கிறது சார்" என்பார். அவருடைய அக மதிப்பெண் எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் கையில் இருக்கும்போது வேறு என்ன சொல்வார்? கருத்துப் படிவங்களிலும் அதே கதைதான். மேலிருந்து கீழ்வரை 'மிக நன்று'.

பொருளியல் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவர்தான், "கேள்விகளை நாங்களே எழுதலாமா சார்?" என்று கேட்டார். சிலர் முகம் சுளித்தாலும் முதல்வர் சம்மதித்தார். ஆசிரியர் எப்படி நடத்துகிறார் என்ற கேள்வியே அவர்கள் தாளில் இல்லை. காலையில் எத்தனை மணி பஸ்ஸைப் பிடிக்கிறாய், எந்த மாதத்தில் அதிகம் விடுப்பு எடுக்கிறாய், ஏன் என்று கேட்டிருந்தார்கள். பெயர் எழுத வேண்டியதில்லை.

தை, மாசி என்று பலர் எழுதியிருந்தார்கள். சம்பா அறுவடை முடிந்து, அரசு நெல் வாங்கும் நேரடிக் கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு முறைக்காகக் காத்திருக்கும் காலம் அது. நெல்லில் ஈரப்பதம் வழக்கமான வரம்பான 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள். திடீரென்று மழை வந்தால் தார்ப்பாய் போட ஆள் வேண்டும், மூட்டைக்குக் காவலும் வேண்டும். பகலில் அப்பா, இரவில் பிள்ளை. விடிய விடியக் கண்விழித்தவன் காலையில் எப்படி வகுப்புக்கு வருவான்? எங்கள் வருகைப் பதிவேட்டில் அவன் 75 சதவீதத்தை எட்டாதவன், அவ்வளவுதான். நாங்கள் தயாரித்த எந்தப் படிவத்திலும் கொள்முதல் நிலையம் வந்திருக்க வாய்ப்பே இல்லை. இத்தனைக்கும் எங்களில் பாதிப் பேர் விவசாயக் குடும்பத்திலிருந்து வந்தவர்கள்.

இரண்டாவது அகத் தேர்வைத் தள்ளிவைக்கலாம் என்று மாணவர்கள் கேட்டபோது மூத்த பேராசிரியர் ஒருவர், "நெல்லைப் பார்த்தா கல்லூரி நடத்துவது?" என்றார். "எங்கள் வீடு அப்படித்தான் ஐயா நடக்கிறது" என்றார் அந்த மாணவி. தேர்வு தள்ளிப்போனது. வராதவர்களுக்கு மறுதேர்வும் வைத்தோம்.

எங்களால் அவ்வளவுதான் முடிந்தது. பாடத்திட்டமும் பருவத் தேர்வுத் தேதியும் பல்கலைக்கழகத்தின் கையில். பாடத்திட்டத்தைத் தாங்களே வகுத்துக்கொள்ளும் தன்னாட்சிக் கல்லூரிகளின் பாடத்திட்டக் குழுவில்கூட யுஜிசி விதிப்படி முன்னாள் மாணவர் ஒருவருக்குத்தான் இடம். இன்று வகுப்பில் உட்கார்ந்திருப்பவருக்கு இல்லை. படித்து முடித்துப் போன பிறகுதான் பாடத்தைப் பற்றிப் பேசலாம் என்பது எனக்கு விநோதமாகவே படுகிறது.

கணக்கெடுப்பில் வந்த குறைகளையும் ஒவ்வொன்றிலும் என்ன செய்தோம் என்பதையும் இப்போது அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறோம். இதுவும் மாணவர்கள் வற்புறுத்திக் கேட்டதுதான். முதல் மணி வகுப்புக்கு முன்பே வந்து சேரும்படி பஸ் நேரத்தை மாற்றக் கோரி அவர்களே ஒரு மனு எழுதினார்கள், முதல்வர் கையெழுத்திட்டு அனுப்பினார். அதற்கு எதிரே 'பதில் வரவில்லை' என்று எழுதியிருக்கிறோம்.