ஆரியங்காவுக் குரல்

செங்கோட்டையிலிருந்து புனலூர் போகிற மீட்டர்கேஜ் லைனில் தமிழ்நாட்டுப் பக்கத்துக் கடைசி ஸ்டேஷன் பகவதிபுரம். 1997-ல் நான் அங்கே ஏஎஸ்எம்மாக, அதாவது உதவி ஸ்டேஷன் மாஸ்டராகப் போனேன். அடுத்த ஸ்டேஷன் ஆரியங்காவு, கேரளா. நடுவில் மலையைக் குடைந்த குகை, கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர். 1904-ல் பயணிகள் வண்டி ஓட ஆரம்பித்த பாதை அது. எனக்கு அந்த வரலாறெல்லாம் பிற்பாடுதான் தெரியும். அன்றைக்குத் தெரிந்ததெல்லாம் குகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் ஒரு குரல்.

ஆரியங்காவு மாஸ்டர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் பேசுவது பாதி மலையாளம், பாதி தமிழ். ஒரு வண்டி விட வேண்டுமென்றால் பாதை காலி, விடலாம் என்று அவர் எனக்கு ‘லைன் கிளியர்’ தர வேண்டும். இரண்டு ஸ்டேஷனிலும் சிவப்புப் பெயின்ட் அடித்த இரும்பு டோக்கன் மெஷின் உண்டு. உள்ளே இரும்பு உருண்டைகள். இரண்டையும் மின்கம்பி இணைத்திருக்கும். அவர் சம்மதித்து அங்கே பிடியைத் திருப்பினால்தான் இங்கே எனக்கு ஓர் உருண்டை விழும். அது வெளியே இருக்கும்வரை இரண்டு பக்கத்திலும் அடுத்த உருண்டை வராது. உருண்டையைத் தோல்பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் மாட்டி டிரைவர் கையில் கொடுப்போம். அது கையில் இல்லாமல் டிரைவர் வண்டியை நகர்த்தக் கூடாது. ஒரே தண்டவாளத்தில் எதிரெதிரே இரண்டு வண்டி ஏறாமல் காத்தது அந்த உருண்டைதான்.

அதைத்தான் ஓர் ஆடி மாத ராத்திரி தொலைத்தேன்.

மலையிலிருந்து இறங்கி வந்த வண்டியின் டிரைவர் வளையத்தை நீட்டினார். நல்ல சாரல், என் கை நழுவிவிட்டது. வளையம் பிளாட்பாரத்தில் விழுந்தது, பையின் வாய் திறந்தது, உருண்டை மட்டும் தனியே உருண்டு சரிவுப் புதருக்குள் போய்விட்டது. அதைத் திருப்பி மெஷினில் போட்டால்தான் லைன் மூடும். மேலே போகவேண்டிய வண்டி சிக்னல் கிடைக்காமல் நிற்கிறது. வண்டிகளைக் கண்காணிக்கிற கன்ட்ரோல் ஆபீசிலிருந்து போன் மேல் போன். நானும் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயின்ட்ஸ்மேன் அண்ணாச்சியும் டார்ச்சும் அரிக்கேன் விளக்குமாகச் சரிவில் இறங்கினோம். அண்ணாச்சி திட்டவில்லை. “சார், நீங்க காலைப் பாத்து வைங்க, அட்டை கெடக்கும்” என்றார். முக்கால் மணி நேரம் கழித்து ஒரு காட்டாமணக்குத் தூரில் அவர் கையில்தான் தட்டுப்பட்டது. என் காலில் நாலு அட்டை.

மெஷினில் போட்டுவிட்டு போனை எடுத்தால் அந்தப் பக்கம் ஒரே கேள்வி: “பந்து கிட்டியோ?”

விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தேன், அது வேறு. ஆனால் அன்றிலிருந்து அவருக்கு வணக்கம், சௌக்கியமா எல்லாம் கிடையாது. “பகவதிபுரம்” என்று நான் எடுத்ததும் “பந்து உண்டோ கையில்?” என்பார்.

வானிலை அறிக்கையும் அவர்தான். நம் பக்கம் வெயில் பல்லை இளித்துக்கொண்டு நிற்கும். போனில் “இவிடெ நல்ல மழ” என்பார். கொஞ்ச நேரத்தில் குகைக்குள்ளிருந்து வண்டி வரும். கூரையெல்லாம் சொட்டச் சொட்ட, பெட்டிகள் பளபளவென்று. காய்ந்த பிளாட்பாரத்தில் அது நிற்கிற இடம் மட்டும் நனையும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

காலை வண்டியில் காய்கறி மூட்டைகள் மலையேறும். பாவூர்சத்திரம், சுரண்டைச் சரக்கு. பூக்காரம்மா ஒருத்தி பிச்சிப்பூக் கூடையோடு போய் சாயங்காலம் மரவள்ளிக் கிழங்கோடு இறங்குவாள். “தம்பி, ஆரியங்காவுக்காரரு ஒங்களக் கேட்டாரு” என்று சொல்லிவிட்டுப் போவாள். அவளுக்கு அவர் முகம் தெரியும், எனக்குத் தெரியாது. அது எனக்கு அப்போது பொறாமையாகவே இருந்தது. எனக்கு மூன்று வருஷத்தில் மாற்றல் வந்தது. அடுத்த வண்டி ஏறினால் ஆரியங்காவு. அதுவரை போய்ப் பார்க்கவில்லை. டூட்டி முடிந்தால் வீட்டுக்கு ஓடுகிற வயது.

2010 செப்டம்பரில் லைனை அகலப்பாதையாக்க மூடினார்கள். 2018-ல்தான் திரும்பத் திறந்தார்கள். அகலப்பாதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயில்லை. பழைய பெட்டியில் கைக்குழந்தையோடு நின்றுகொண்டே மலையேறியவர்களைப் பார்த்தவன் நான். ஆனால் அந்த எட்டு வருஷத்தில் பூக்காரம்மா போன்றவர்கள் புளியரை வழியாக பஸ் ஏறிப் பழகிவிட்டார்கள். ரயில் வந்தது, அவர்கள் வரவில்லை.

திறந்த வருஷமே ஒரு டிக்கெட் எடுத்துப் போனேன். பகவதிபுரத்தில் எட்டிப் பார்த்தேன். பச்சை விளக்கு எரிந்தது. யாரும் எதையும் நீட்டவில்லை. நான் விழுந்தடித்துத் தேடிய சரிவை மண் போட்டு உயர்த்திவிட்டார்கள். குகை தாண்டி ஆரியங்காவில் இறங்கி, டீக்கடையில் விசாரித்தேன். பழைய மாஸ்டர் ரிட்டயராகி புனலூர்ப் பக்கம் இருப்பதாகச் சொல்லி நம்பர் வாங்கிக் கொடுத்தார்கள்.

அங்கேயே நின்று போட்டேன். மணி நாலைந்து தடவை அடித்தது. யாரென்று தெரியாத நம்பரை எடுக்கிற தயக்கத்தோடு “ஹலோ” என்றார். பேரைச் சொன்னால் தெரியாது என்று தோன்றியது.

“பகவதிபுரம்” என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அந்தக் குரல், வயதாகிக் கரகரத்துப்போய்:

“பந்து கிட்டியோ?”