மஞ்ச வெட்ட ஆளில்லை, பொஸ்தகம் அடுக்க ஆளிருக்கு

எங்கள் விடுதியில் மெஸ் பில் ஒட்டுகிற அன்றைக்கு மட்டும் எல்லோருக்கும் பகுதி நேர வேலை ஞாபகம் வரும். பில்லைக் கட்டியதும் மறந்துவிடும். இந்தத் தடவை எனக்கு மறக்கவில்லை. ஏனென்றால் கட்டவில்லை.

கோவையில் படிக்கிற பசங்களுக்குச் சட்டென்று கிடைப்பது கேட்டரிங். முகூர்த்த நாளில் மண்டபத்துக்குப் போய் இலை போட்டு, பந்தி பரிமாறினால் சாப்பாடும் ஆச்சு, காசும் ஆச்சு. எனக்கு அதில் ஒரு சிக்கல். நான் கோபிப் பக்கம். எங்கள் சொந்தத்தில் யாருக்காவது கோவையில் கல்யாணம் இருந்துகொண்டே இருக்கும். சந்தகைக்குத் தேங்காய்ப்பால் ஊற்றிவிட்டு நிமிர்ந்தால் எதிரில் பெரியம்மா உட்கார்ந்திருப்பார். அவர் கை கழுவுவதற்குள் சேதி ஊருக்குப் போய், எங்கப்பா நொடித்துப்போய்விட்டார் என்று நாலு பேர் வீட்டுக்கு விசாரிக்கக் கிளம்பிவிடுவார்கள்.

அதனால் வளாகத்துக்குள்ளேயே தேடினேன். ஜெராக்ஸ் கடைக்காரர் காலை ஒன்பதிலிருந்து ராத்திரி எட்டு வரை நிற்க வேண்டும் என்றார். அது பகுதி நேரமென்றால் முழு நேரம் எப்படி இருக்கும் என்று கேட்கவில்லை. கேன்டீன் கல்லாவுக்கு ஆள் வேண்டுமென்றார்கள். எங்கள் வகுப்பு மொத்தமும் என் கணக்கில் டீ குடித்துவிடும் என்பதால் நானே வேண்டாமென்றேன்.

கடைசியில் நூலகம். மாணவர்களை மணிக்கணக்கில் எடுக்கிறார்கள் என்று அறிவிப்பு ஒட்டியிருந்தது. துறைத்தலைவர் கையெழுத்து, வார்டன் கையெழுத்து, பாஸ்புக் நகல் எல்லாவற்றையும் கொண்டுபோனேன். அங்கிருந்த பெரியவர் ஒன்றையும் பிரித்துப் பார்க்கவில்லை.

"தம்பிக்கு எந்த ஊருங்க?"

"கோபிங்க."

"கோபில எங்கீங்க?"

சொன்னேன்.

"வாய்க்காலுக்கு மேக்கயா, கெழக்கயா?"

"மேக்கைங்க."

"அங்க எந்தத் தோட்டமுங்க?"

தோட்டத்தின் பெயரைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அட, என்ற சித்தி நாத்தனாரை உங்க பக்கத்துத் தோட்டத்துலதான் குடுத்திருக்குது!" அப்புறம் அந்த நாத்தனாரின் மூட்டுவலி, போன வருஷத்து மஞ்சள் விலை என்று வெகுநேரம் போனது. ஒரு பல்கலைக்கழகத்தில் வேலைக்கான நேர்காணல் இப்படித்தான் நடக்க வேண்டும் என்பது என் கருத்து. பதில் தெரியாத கேள்வியே இல்லை.

வேலை சம்பந்தமாக ஒரே ஒரு சோதனை வைத்தார். புத்தகத்தைப் பொருள்வாரியாக அடுக்க நூலகத்தில் போடுகிற டூயி தசம எண் எழுதிய சில அட்டைகளைக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொன்னார். எனக்கு முன்னால் வந்த கணிதத்துறை அண்ணன் 519.535-ஐ 519.6-க்கு அப்புறம் வைத்துவிட்டுப் போயிருந்தார். முதுகலையாம். நான் தமிழ்த்துறை. சரியாக வைத்தேன், கிடைத்துவிட்டது.

வேலை என்னவென்றால், ஆட்கள் எடுத்துப் போட்ட புத்தகத்தை அதனதன் இடத்தில் திரும்ப அடுக்குவது. தமிழ் இலக்கியம் 894.811-இல் இருக்க வேண்டும், பெரும்பாலும் இருக்கும். பரீட்சை நெருங்கினால்தான் வேடிக்கை. அடுத்தவன் கண்ணில் படாமல் இருக்கப் புள்ளியியல் புத்தகத்தையெல்லாம் 641.5-இல், சமையல் புத்தகங்களுக்குப் பின்னால் செருகிவிடுவார்கள். எனக்கு இப்போது ஒளித்து வைக்கும் இடமெல்லாம் அத்துப்படி. ஒரு பையன் டீ வாங்கித் தருகிறேன், சொல்லு என்று பேரம் பேசினான்.

நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-இல் எழுதிய ஐந்து நூலக விதிகளைச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். நாலாவது விதி, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. அதற்கு நேர் கீழே ஃபேன் காற்று நன்றாக வரும். மத்தியானம் வந்து அங்கே தலை சாய்த்து, சாயங்காலம் எழுந்து போகிற ஆராய்ச்சி மாணவரின் நேரத்தை எப்படி மிச்சப்படுத்துவது என்று ரங்கநாதன் சொல்லவில்லை.

வீட்டுக்கு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். சித்தியின் நாத்தனார் இருக்கும்போது அது நடக்குமா? வேலை கிடைத்த அன்று சாயங்காலமே அப்பாவிடமிருந்து போன்.

"ஏண்டா சாமி, இங்க மஞ்ச வெட்ட ஆள் கெடைக்காம நான் ஊர் ஊரா அலையறேன். நீ அங்க போயிப் பொஸ்தகம் அடுக்கறயா? மணிக்கு எவ்வளவு?"

சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "சரி, உன்ற கூட வேலை தேடற பசங்க நாலு பேர் இருந்தா ஞாயித்துக்கிழமை அனுப்பி வையி" என்றார்.

அறைத்தோழன்கள் இரண்டு பேர் போனார்கள். திங்கட்கிழமை இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தாலும், ஒரே நாளில் நான் ஒரு வாரம் அடுக்கிச் சம்பாதிப்பதைவிட அதிகம் வாங்கிவந்தார்கள். போதாததற்கு மத்தியானம் நெய் விட்டு அரிசிம்பருப்பு சாதம். எங்கம்மா எனக்கு அவ்வளவு நெய் விட்டதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னையும் வரச் சொல்லியிருக்கிறார். கூலி எவ்வளவு என்று கேட்டேன். சொந்தத் தோட்டத்துக்கு எவனாவது கூலி கேப்பானா என்கிறார்.