அணையாத சந்தேகம்

இன்று காலை ஃபோனை வீட்டிலேயே வைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன். மூன்றாவது ஸ்டாப்பில் இறங்கித் திரும்ப நடந்தேன்.

வழியெல்லாம் அமெரிக்காவின் கொலராடோவில் நடந்த அந்த வழக்குதான் மனதில் ஓடியது. 2018 ஆகஸ்ட். மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தோழி வீட்டுக்குப் போய்விட்டாள் என்றான் கிறிஸ் வாட்ஸ். டிவி கேமரா முன்னால் நின்று, திரும்பி வாருங்கள் என்று கெஞ்சினான்.

அவளுடைய ஃபோன் சோபாவில் கிடந்தது.

பர்ஸும் வீட்டில். காரும் வீட்டில், குழந்தைகளின் சீட்டுகளோடு.

வயிற்றில் ஒன்று, கையில் 4 வயதும் 3 வயதுமாக இரண்டு பெண்கள். எந்த அம்மா இப்படிக் கிளம்புவாள்?

முதலில் சந்தேகப்பட்டது மனைவியின் தோழி ஒருத்திதான். டாக்டரிடம் போக வேண்டிய மனைவி போகவில்லை, ஃபோனும் எடுக்கவில்லை. அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர். விடியுமுன் வாட்ஸின் டிரக் கராஜை ஒட்டி நின்றதைத் தன் கேமரா பதிவில் போட்டுக் காட்டினார். அதைப் பார்க்கும்போது வாட்ஸ் இரண்டு கைகளையும் தலைமேல் வைத்துக்கொள்கிறான். அவன் வெளியே போனதும், இவன் வழக்கம்போல் இல்லை என்று போலீஸிடம் சொல்கிறார் அவர்.

மாட்டிக்கொண்டதும் கதையை மாற்றினான். குழந்தைகளைக் கொன்றது மனைவியாம், ஆத்திரத்தில் அவளை மட்டும் இவன் கொன்றானாம். செத்தவள் மீதே பழி. இதைத்தான் என்னால் பொறுக்கவே முடியவில்லை. நவம்பரில் எல்லாவற்றையும் கோர்ட்டில் ஒப்புக்கொண்டான்.

வீட்டுக்கு வந்தால், மேஜைமேல் ஃபோன். மூன்று மிஸ்டு கால். மூன்றும் அக்கா.

"ஏண்டி எடுக்கல?"

குரல் நடுங்கியது அவளுக்கு.