மீன் தெரிந்தவருக்கும் ஒரு தேர்வு

மட்டக்களப்பு வாவியோரக் கிராமங்களில் மீன்பிடிச் சட்டங்களை எடுத்துச் சொல்வது என் வேலை. அதைக் கேள்விப்பட்டுத்தான் பாலமீன்மடுவைச் சேர்ந்த ஓர் அண்ணன் ஜெர்மனியிலிருந்து என்னை அழைத்தார். இளமையில் கரைவலை இழுத்தவர். இப்போது பவேரியாவில் ஓய்வு நாட்களில் ஆற்றில் தூண்டில் போட ஆசைப்படுகிறார். அதற்கு 30 மணி நேர வகுப்புக்குப் போய், 60 வினாக்களில் 45க்காவது சரியான விடை எழுத வேண்டும். தேறினால்தான் அனுமதிப்பத்திரம். கையில் இருந்த பாடப்புத்தகமோ முழுக்க ஜெர்மன். “தம்பி, மீனைப் பற்றி எனக்குப் பாடமா?” என்றார். மனம் நொந்து போயிருந்தார்.

பாடத்தைப் பார்த்தபோது, அது வீண் பாடம் இல்லை என்று தெரிந்தது. மீனினங்கள், நீர்நிலைகள், கருவிகள், சட்டம் எல்லாம் இருந்தன. பிடித்த மீனைக் கொல்லும் முறைக்குத்தான் நாங்கள் அதிக நேரம் செலவிட்டோம். முதலில் தலையில் அடித்து மயக்க வேண்டும். உடனே இதயத்தில் குத்த வேண்டும், அல்லது செவுளை வெட்டி இரத்தம் வடியவிட வேண்டும். தக்க காரணமின்றி முதுகெலும்புள்ள உயிரைக் கொல்வது அங்கே சட்டப்படி குற்றம். நம் வாவியில் மீன் தோணிக்குள்ளேயே துடித்துச் சாகும். அதைப் பார்த்து வளர்ந்தவர் அவர். தமிழில் ஒவ்வொன்றாகச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “இறாலுக்கும் இப்படி ஏதாவது சட்டம் உண்டா?” என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்கக்கூடிய ஒருவரை, மொழி தெரியாததால் மட்டும் ஆற்றங்கரையிலிருந்து திருப்பி அனுப்புவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இங்கும் நிலைமை பெரிதாக வேறில்லை. இலங்கை அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டுப் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. ஆனாலும் என் மேசைக்குச் சில சுற்றறிக்கைகள் சிங்களத்தில் மட்டுமே வருகின்றன. வெடிவைத்தும் நஞ்சிட்டும் மீன் பிடிக்கக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும், தாள் தேவையில்லை. வலைக்கண் அளவு, தங்கூசி வலைக்கான (ஒற்றை நைலான் இழையில் பின்னிய வலை) தடை போன்றவற்றைத்தான் விளக்க வேண்டியிருக்கிறது. வலையை இழுத்துப் பிடித்து, அடிமட்டத்தை வைத்து அளந்து காட்டினால் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை.

வாகரைப் பக்கம் ஒரு பெரியவர் நான் நீட்டிய அறிவித்தலை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். சிங்கி இறால் ஒன்றைப் புரட்டி, வயிற்றின் கீழ் ஒட்டியிருந்த செம்மஞ்சள் முட்டைத் திரளைக் காட்டினேன். அதற்குமேல் நான் பேசவே இல்லை. அதை ஏன் கடலிலேயே விட வேண்டும் என்று பக்கத்தில் நின்ற பொடியன்களுக்கு அவரே சொல்லிக்கொண்டிருந்தார்.

தேர்வே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 60 வினாக்களும் இருக்கட்டும். ஒன்றைக்கூட எளிதாக்க வேண்டாம். மீனின் படத்தைக் காட்டி, அவரவர் மொழியில் வாய்மொழியாகக் கேட்கட்டும். அண்ணனுடன் இப்போது படங்களை வைத்துத்தான் படிக்கிறோம். கல்லடிப் பாலத்தில் பொழுதுபோக்காகத் தூண்டில் போட வரும் இளைஞர்களுக்கும் படங்களோடு மும்மொழிப் பலகை ஒன்று வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். எந்தெந்தப் படங்கள் என்பதையும் அதிலேயே இணைத்திருக்கிறேன்.