செலவு யார் தலையில்?

ஸ்கேன் எடுப்பவருக்குப் படிக்கச் சம்பளம் கிடையாது. பக்கம் கோணாமல், நடுமடிப்பின் நிழல் எழுத்தின் மேல் விழாமல் வந்தால் போதும். ஆனாலும் டப்ளினில் பழைய ஒர்க்ஹவுஸ் (கதியற்ற ஏழைகளுக்கு வேலை வாங்கிக்கொண்டு சோறும் இடமும் தந்த விடுதி) பதிவேடுகள் என் மேசைக்கு வந்த பிறகு கண் சும்மா இருக்கவில்லை.

பின்னணி இதுதான். 1838-ல் வந்த ஏழைகள் சட்டப்படி அயர்லாந்தை 'யூனியன்' என்ற 130 நிர்வாகப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஒர்க்ஹவுஸ் கட்டினார்கள். 1845-ல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சம் முற்றியபின் இன்னும் 33 சேர்ந்தன. கஞ்சி வேண்டுமென்றால் குடும்பத்தோடு உள்ளே வரவேண்டும். வந்ததும் கணவன், மனைவி, பிள்ளைகள் எல்லோரும் தனித்தனிக் கூடங்களுக்குப் பிரிந்துவிட வேண்டும்.

பதிவேட்டில் ஆளுக்கு ஒரு வரி, இரண்டு பக்கத்துக்கும் நீளும். பெயர், வயது, தொழில், மதம், வந்தபோது இருந்த கோலம். 'கந்தல்', 'அழுக்கு' என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுவார்கள். கடைசியில் 'இறந்த அல்லது வெளியேறிய தேதி'. இரண்டுக்கும் ஒரே கட்டம்!

என்னை அதிகம் பிடித்து வைத்தது அதுகூட இல்லை, நடுவில் வரும் 'தேர்தல் வட்டாரம்' என்ற கட்டம்தான். பார்த்தால் முகவரி போலத் தெரியும். உண்மையில் அது பில். இவருடைய சாப்பாட்டுச் செலவை எந்த வட்டாரத்து வரிதாரர் தலையில் எழுதுவது என்பதற்கான குறிப்பு. ஊர் உறுதியாகாதவர்கள் யூனியனின் பொதுக் கணக்கில் போவார்கள்.

இந்தக் கணக்குதான் பல குடிசைகளை இடித்தது. ஆண்டு மதிப்பு 4 பவுண்டுக்கு மேல் போகாத குத்தகை நிலங்களுக்கு இந்த ஏழை வரி முழுவதையும் நிலச்சுவான்தாரே கட்ட வேண்டும் என்று 1843-ல் விதி வந்தது. பஞ்சத்தில் குத்தகைப் பணமும் வராது, வரியோ ஏறும். அப்புறம் என்ன, சின்னக் குடியானவனை வெளியேற்றுவதே லாபம். 1847-ல் வில்லியம் கிரகரி என்ற எம்.பி. சேர்த்த ஷரத்து அதற்கு இன்னும் வழிவிட்டது: கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவனுக்கு உதவி இல்லை. காணியைக் கொடு, கஞ்சியை வாங்கு. எழுதியவர்களுக்குக் கூச்சமே இருந்திருக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சட்டத்தின் மொழி அவ்வளவு சுத்தம்.

இப்போது வம்சாவளி தேடுகிறவர்களுக்குத் தாத்தாவின் தாத்தா எந்த ஊர்க்காரர் என்று தெரிய வேண்டும். பல நேரம் அதைச் சொல்வது அந்த பில் கட்டம் மட்டும்தான். அதனால் மங்கலாக விழுந்தால் அந்தப் பக்கத்தை மறுபடி எடுத்துவிடுகிறேன்.