எரித்தால் தழைக்கும் புல்

மெல்பர்னுக்கு மேற்கே, எரிமலைக் குழம்பு பரவி உறைந்த சமவெளியில் மிஞ்சியிருக்கும் புல்வெளித் துண்டுகளைப் பராமரிப்பது எங்கள் குழுவின் வேலை. களை எடுப்போம், விதை சேகரிப்போம், தீயணைப்புக் குழுவோடு சேர்ந்து புல்லுக்குத் தீயும் வைப்போம். கடைசியாகச் சொன்னதுதான் பலருக்குப் புரிவதில்லை. "காப்பாற்றுகிறேன் என்கிறாய், நீயே கொளுத்துகிறாயே!" என்று வீட்டிலேயே கேட்டிருக்கிறார்கள்.

இந்தச் சமவெளியின் முக்கியப் புல்லான கங்காரு புல்லின் குணம் அப்படி. கொத்துக் கொத்தாக வளரும், கோடையில் செம்பழுப்பாகும். காய்ந்த தாள்கள் அதன் மேலேயே சேர்ந்துகொண்டு போகும். தீயோ மேய்ச்சலோ இல்லாமல் பத்து ஆண்டுகளுக்கு மேல் விட்டால், வெளிச்சம் கிடைக்காமல் கொத்துகளே மடிந்துவிடும். மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை எரித்தால் அடியிலிருந்து மறுபடி தளிர்க்கும். கொத்துகளுக்கு நடுவே திறக்கிற இடத்தில்தான் லில்லிகளும் டெய்சிகளும் முளைக்கின்றன. பழங்குடி மக்களின் முக்கிய உணவாக இருந்த முர்னாங் கிழங்கும் அப்படித்தான். அவர்கள் காலங்காலமாகத் தீ வைத்துப் பேணிய நிலம் இது. 1830களில் ஆட்டு மந்தைகள் வந்தன. முர்னாங் வேகமாக மறைந்தது.

அப்புறம் உழவு, உரம். சூப்பர் பாஸ்பேட் போட்ட மண்ணில் வெளிநாட்டுப் புற்கள் கொழுத்து, இந்த மண்ணின் செடிகளை நெருக்கிவிடுகின்றன. பழைய புல்வெளி தப்பிய இடங்களில் ரயில் பாதை ஓரங்களும் கல்லறைத் தோட்டங்களும் முக்கியமானவை. ரயில்வே ஊழியர்கள் தீ பரவாமல் இருக்கப் பாதையோரப் புல்லை அடிக்கடி கொளுத்திவந்தார்கள். ஓர் அரிய புல்வெளியைக் காக்கிறோம் என்று அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். எனக்கு அவர்கள்மேல் தனி நன்றி உண்டு.

2008இல் இந்தப் புல்வெளி மிகவும் அழிவாபத்தில் உள்ள சூழலாகத் தேசியப் பட்டியலில் சேர்ந்தது. ஆனாலும் மரமில்லாத நிலத்தைப் பார்த்ததும் "சும்மா கிடக்கும் இடம்" என்று சொல்பவர்கள் இன்னும் உண்டு. கேட்கும்போதெல்லாம் மனசு வலிக்கும். காலில்லாத வரிப் பல்லி வாழ்வது அந்தச் "சும்மா கிடக்கும்" இடத்தில்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது விதை வேலை. கங்காரு புல்லின் ஒவ்வொரு விதைக்கும் நீளமான கரிய கூர் ஒன்று உண்டு. ஈரம் பட்டாலும் காய்ந்தாலும் அது முறுக்கிச் சுழன்று, விதையை மண்ணுக்குள் தானே துளைத்து இறக்கும். ஆனால் உரம் ஏறிய நிலத்தில் சும்மா தூவினால் களைதான் ஜெயிக்கும். மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் விதைக்கிறோம். அப்படி விதைத்த ஓர் இடத்தில் புல் நன்றாகப் பிடித்துவிட்டது. அடுத்து எரிக்க வேண்டிய இடங்களில் அதையும் சேர்த்திருக்கிறோம்.