சினை நிற்காத பசுவும் அதன் முதுகெலும்பும்

எங்கள் தொழுவத்தில் இரண்டாம் ஈற்றில் இருந்த ஜெர்சி கலப்பினப் பசு ஒன்று நன்றாகக் கறந்தது. ஆனால் மூன்று முறை சினை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. குறையை ஊசியிலும் பருவம் பார்த்த நேரத்திலும் தேடிக்கொண்டிருந்த எனக்கு, கால்நடை மருத்துவர் வாலடியின் இருபுறமும் மெலிவால் விழுந்திருந்த குழியைக் காட்டினார்.

ஈன்ற பின் பால் கூடும் வேகத்திற்குப் பசுவால் தீனி எடுக்க முடிவதில்லை. ஆகவே உடற்கொழுப்பைக் கரைத்துப் பாலாக்குகிறது. 1 (மிக மெலிவு) முதல் 5 (மிகக் கொழுப்பு) வரையான உடல்நிலை மதிப்பெண்ணில் அரைப் புள்ளி குறைவது இயல்பே. ஒரு புள்ளிக்கு மேல் இறங்கினால் பருவம் தள்ளிப்போகும், கரு தங்குவதும் அரிதாகும்.

கண்ணை மட்டும் நம்பக் கூடாது. இடப்பக்க வயிற்றுப் பள்ளம் நிறைந்திருப்பது அன்றைய தீனியைத்தான் சொல்லும். சினை வயிறோ மெலிவை மறைத்துவிடும். அதனால் கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், முதுகுத்தண்டிலிருந்து பக்கவாட்டில் நீளும் எலும்புகளின் நுனியைக் கையால் தடவிப் பார்க்கிறேன். அவை கூராகத் தனித்தனியே தட்டுப்பட்டால் 1, மழுங்கலாகத் தட்டுப்பட்டால் 2, சற்றே அழுத்தியதும் தெரிந்தால் 3, பலமாக அழுத்தினால்தான் தெரியுமென்றால் 4, அழுத்தியும் தெரியாவிட்டால் 5. கன்று ஈனும்போது 3 முதல் 3.5 வரை இருப்பது நல்லது. காங்கயம் மாட்டின் உடற்கட்டு வேறு என்பதால், அதைக் கலப்பினத்தோடு ஒப்பிடாமல் அதே மாட்டின் பழைய மதிப்பெண்ணோடு ஒப்பிடுவதே சரியென்று நினைக்கிறேன்.

மெலிந்த பசுவுக்கு ஈன்ற பின் கூடுதலாக வைக்கும் அடர்தீவனத்தில் (தவிடு, பிண்ணாக்கு போன்ற சத்துத் தீனி) பெரும்பகுதி பாலுக்கே போய்விடுகிறது. உடலைத் தேற்றும் காலம் அதற்கு முன்பே, கறவையின் கடைசி மூன்று மாதங்களில் வருகிறது. பால் வற்றிய 60 நாட்கள் தேறிய உடலைக் காப்பதற்கே போதும். அன்பு மிகுதியால் அளவின்றித் தீனி வைப்பதும் கேடுதான். எங்கள் ஊரில் அப்படிக் கொழுத்த தலையீற்றுக் கிடாரி கன்று போட முடியாமல் தவித்ததையும், ஈன்ற பின் தீனியைத் தொடாமல் நின்றதையும் பார்த்தேன். அதற்காகக் கொழுத்த சினைமாட்டைப் பட்டினி போட்டு இளைக்க வைத்தால், கொழுப்பு கல்லீரலில் சேர்ந்து இந்தக் கேடு இன்னும் கடுமையாகும்.

எங்கள் பசு தாமதமாகத்தான் சினைபிடித்தது. ஐந்தாம் மாதச் சினையில் தடவியபோது மதிப்பெண் 2.5. கோ-4 புல்லோடும் தாது உப்போடும் தினமும் ஒரு கிலோ அடர்தீவனம் கூட்டி வைத்தேன். அது 3.25-இல் கன்று ஈன்றது. அந்த ஈற்றில் முதல் ஊசியிலேயே சினை நின்றது.